லடாக் பீடபூமியும் அதன் ஜனங்களும்

நமது தேசத்தின் எல்லையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் லடாக் என்னும் பெயர் அடிபடுகிறது. கணவாய்களின் பெயர்களும் ஏரிகளின் பெயர்களும் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்துவிட்டன. ஆனால் அந்தக் கணவாய்களுக்கும் ஏரிகளுக்கும் நடுவே தலைமுறை தலைமுறையாக வசித்துவரும் ஜனங்களைப் பற்றி நாம் பேசுவது அபூர்வம். 2025 செப்டம்பர் 24-ந் தேதி லே பட்டணத்தில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் உயிரிழந்த செய்தி வந்தபோதுதான், அங்கே நிலம் மட்டுமல்ல, மனிதரும் இருக்கிறார்கள் என்ற நினைவு தேசத்தில் பலருக்கு வந்தது. அந்த ஜனங்கள் கேட்பது நியாயமா, அன்றா என்று தீர்ப்புச் சொல்லுமுன், அந்த நாட்டின் அமைப்பையும் அதன் பூர்வோத்தரத்தையும் அறிந்துகொள்வது நமது கடமை. லடாக்கின் ராஜீய விவகாரம் முழுவதும் அதன் பூகோளத்திலிருந்தே கிளைத்தது என்பது நமது அபிப்பிராயம்.

லடாக் என்ற சொல்லுக்கே கணவாய்களின் நாடு என்று பொருள். தெற்கே இமயமலையும் வடக்கே காரகோரமும் காவலாக நிற்க, இடையில் ஸான்ஸ்கார் மலைத்தொடரும் லடாக் மலைத்தொடரும் குறுக்கே கிடக்கின்றன. நமது அதிகாரத்தின் கீழுள்ள பகுதியின் விஸ்தீரணம் மாத்திரம் சுமார் 23,000 சதுர மைல். திபேத்திலிருந்து வரும் சிந்து நதி தென்கிழக்கிலிருந்து வடமேற்காக இதன் நடுவே ஓடுகிறது. நிம்மு என்னுமிடத்தில் ஸான்ஸ்கார் நதி அதனுடன் கலக்கிறது. வடக்கே நுப்ரா நதியின் நீரையும் ஏற்றுக்கொண்டு ஷ்யோக் நதி பால்டிஸ்தானத்தில் சிந்துவை அடைகிறது. லே பட்டணம் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. தெற்கிலிருந்து வரும் பருவமேகங்களை இமயம் தடுத்துவிடுவதால் வருஷம் முழுவதும் அங்கே பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து சுமார் நான்கு அங்குலந்தான். உறைபனியும் பாலைவனமும் ஒரே இடத்தில் கூடிவாழும் விசித்திரமான தேசம் அது.

மழையில்லாத இந்நாட்டில் மனிதன் பிழைப்பது மலையுச்சிப் பனிக்கட்டி உருகி வரும் நீரினால். அந்நீரைச் சிறு வாய்க்கால்களில் மைல்கணக்காகக் கொண்டுவந்து, கல்லும் மணலுமான சரிவில் பசும் திட்டுக்களாகக் கிராமங்களை உண்டாக்கியிருக்கிறார்கள். வாற்கோதுமையும் கோதுமையும் பட்டாணியும் வருஷத்தில் ஒரே போகம் விளைகின்றன. தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் வாதுமைப்பழ ஜாதியைச் சேர்ந்த ஆப்ரிகாட் மரங்கள் காய்க்கின்றன. தண்ணீரை யார் வயலுக்கு எந்த முறையில் விடுவது என்பதைக் கவனிக்கச் சுர்ப்போன் என்ற நீர் அதிகாரியைக் கிராமத்தாரே நியமித்துக்கொள்கிறார்கள். கட்டுப்பாடு தவறினால் ஒரு கிராமமே பட்டினி கிடக்க நேரும். நீரை நியாயமாகப் பங்கிடத் தெரிந்த ஜனங்களுக்குத் தங்கள் காரியத்தைத் தாங்களே நடத்திக்கொள்ளும் திறமை இல்லையென்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

கிழக்கே போகப் போகப் பள்ளத்தாக்குகள் அகன்று சாங்தாங் என்னும் உயர்ந்த சமவெளி வருகிறது. திபேத்தில் பரந்துகிடக்கும் பெரும் பீடபூமியின் மேற்கு விளிம்பு இது. 14,000 அடிக்கு மேற்பட்ட இவ்விடத்தில் பயிர்த்தொழில் பெரும்பாலும் நடவாது. சாங்பா என்ற இடையர்கள் யாக் மயிரால் நெய்த கூடாரங்களுடன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகிறார்கள். கடுங்குளிரைத் தாங்குவதற்காக அந்த ஆடுகளின் மேல்மயிருக்கடியில் வளரும் மெல்லிய ரோமமே பஷ்மினா. காஷ்மீரத்துச் சால்வைகளின் உலகப் புகழ் இந்த ரோமத்தின்மேல் நிற்கிறது. மேய்ச்சல் நிலத்துக்குப் பட்டா இல்லாவிட்டாலும், எந்தக் குடும்பம் எந்த மாதத்தில் எங்கே மேய்க்க வேண்டும் என்ற வழக்கம் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு வெறுந்தரையாகத் தோன்றுவது இடையனுக்குக் குளிர்காலக் களஞ்சியம். இந்த உண்மையைப் பின்னால் வரும் விவகாரங்களில் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு எட்டாத தேசம் உலகத்தினின்று ஒதுங்கியிருந்தது என்று எண்ணுவது தவறு. மேற்குத் திபேத்தில் 10-ம் நூற்றாண்டில் ஏற்பட்ட ராஜ்யம் அரச குமாரர்களுக்குப் பாகம் செய்யப்பட்டபோது லடாக் தனி ராஜ்யமாயிற்று. ஆல்சி விஹாரத்தின் பழைய சுவர்ச் சித்திரங்களில் காஷ்மீரத்துக் கலைஞர் கைத்திறன் விளங்குகிறது. மேற்கே பூரிக், பால்டிஸ்தான் பகுதிகளில் இஸ்லாம் பரவிற்று. ஸ்கர்டு அரசனால் தோற்கடிக்கப்பட்ட ஜம்யாங் நாம்கியால் அந்த முஸ்லிம் அரசகுலத்துப் பெண்ணையே மணந்தான். அவர்கள் குமாரன் ஸெங்கே நாம்கியால் 17-ம் நூற்றாண்டில் லடாக்கின் கீர்த்தியை உச்சத்துக்குக் கொண்டுவந்தான். ஒன்பது அடுக்குள்ள லே அரண்மனை அவன் காலத்தது. பௌத்த அரசனுக்கு முஸ்லிம் தாய். அவனை இரு சமூகமும் தம்மவனாகக் கொண்டாடலாம். லே கடைவீதியில் யார்க்கண்டு வியாபாரிகளும் லாஸாவிலிருந்து வந்தவர்களும் காஷ்மீரிகளும் பஞ்சாபிகளும் கூடிப் பண்டமாற்றுச் செய்தார்கள். வடக்கே 18,000 அடிக்கு மேற்பட்ட காரகோரக் கணவாயின் வழியாகச் சாத்துக்கள் வந்துபோயின. மத்திய ஆசியாவின் நாற்சந்தி அது.

நாற்சந்தியில் வீடு கட்டியவனுக்கு நண்பரும் அதிகம், தொல்லையும் அதிகம். 1679-ல் திபேத்துடன் யுத்தம் மூண்டது. தோற்கும் நிலையிலிருந்த லடாக் அரசன் காஷ்மீரத்திலிருந்த மொகலாயர்களின் உதவியை நாடினான். உதவி வந்தது, அதற்கு விலையும் வந்தது. 1684-ல் ஏற்பட்ட திங்மோஸ்காங் உடன்படிக்கையின் பயனாக குகே, ருடோக் முதலிய கிழக்குப் பிரதேசங்கள் லடாக்கை விட்டுப் போயின. பஷ்மினா ரோம வியாபாரம் காஷ்மீரத்துக்கே உரியதென்று ஏற்பட்டது. பலமுள்ளவனை வாசலுக்கு அழைத்தால் அவன் களஞ்சியத்தின் சாவியையும் கேட்பான் என்பதைச் சிறிய ராஜ்யங்கள் இவ்விதந்தான் கற்றுக்கொள்கின்றன.

1820 முதல் இரண்டு வருஷகாலம் லேயில் தங்கிய மூர்கிராப்ட் என்ற ஆங்கிலேயர் மத்திய ஆசிய வியாபாரத்துக்கு அது திறவுகோல் என்று கண்டு, கம்பெனியின் பாதுகாப்பை லடாக்குக்கு வாங்கித்தர முயன்றார். கம்பெனி சம்மதிக்கவில்லை. 1834-ல் ஜம்மு அரசர் குலாப் சிங்கின் சேனாதிபதியான ஜோராவர் சிங் படையெடுத்து லடாக்கை அடக்கினார். 1841-ல் அவர் மேற்குத் திபேத்துக்குள்ளும் புகுந்தார். அந்த வருஷத்துக் குளிர்காலத்தில் பனியிலும் பகைவர் நடுவிலும் அகப்பட்டு அங்கேயே மாண்டார். 1842-ல் பழைய எல்லையே எல்லை என்று இருதரத்தாரும் சமாதானம் செய்துகொண்டார்கள். 1846-ல் அமிருதசரஸ் உடன்படிக்கையின்படி 75 லட்சம் ரூபாய்க்குப் பிரிட்டிஷார் காஷ்மீரத்தைக் குலாப் சிங்குக்கு உரிமையாக்கினபோது, லடாக்கும் அந்த ராஜ்யத்தோடு சேர்ந்தே நின்றது. ஜனங்களின் சம்மதத்தை அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

பழைய எல்லை எது என்பதில்தான் விபரீதம் ஒளிந்திருந்தது. இடையனுக்கும் வியாபாரிக்கும் கணவாயும் மேய்ச்சலும் தெரியும்; காகிதத்தில் கோடு தெரியாது. 1865-ல் ஜான்ஸன் என்ற சர்வே உத்தியோகஸ்தர் பிரயாணம் செய்து வரைந்த படத்தில் அக்ஸாய் சின் காஷ்மீர ராஜ்யத்துக்குள் சேர்ந்திருந்தது. 1899-ல் பிரிட்டிஷார் சீனாவுக்கு வேறொரு கோட்டை யோசனையாக அனுப்பினார்கள். அதற்குச் சீனா பதில் சொல்லவில்லை. ருஷ்ய பயம் ஏறும்போது ஒரு கோடும் இறங்கும்போது ஒரு கோடுமாக ஏகாதிபத்தியத்தின் சௌகரியமே எல்லையாயிருந்தது. 1947-ல் அவர்கள் கப்பலேறியபோது நம்மிடம் விட்டுப்போன படத்தில் அப்பிரதேசத்தின் எல்லை நிர்ணயிக்கப்படாதது என்றே குறிக்கப்பட்டிருந்தது. 1954-ல்தான் நமது சர்க்கார் படத்தில் திட்டமான கோடு போட்டார்கள்.

1947-48-ல் நடந்த யுத்தத்தில் லே பட்டணம் மயிரிழையில் தப்பிற்று. 1948 மே மாதத்தில் கார்கில் எதிரிகள் வசமாகி, ஸ்ரீநகருக்கும் லேக்கும் இருந்த வழி அடைபட்டது. அவ்வூர் ஜனங்களின் உழைப்பினால் சிந்து நதியருகே அவசர அவசரமாகத் தயாரிக்கப்பட்ட மண் தளத்தில், மே 24-ந் தேதி மெஹர் ஸிங் ஓட்டிய டகோடா விமானம் ஜெனரல் திம்மையாவை ஏற்றிக்கொண்டு இறங்கிற்று. நவம்பர் மாதத்தில் 11,000 அடிக்கு மேற்பட்ட ஸோஜி லா கணவாயில் டாங்கிகளை ஏற்றி நமது சேனை வழியைத் திறந்தது. லே பிழைத்தது, ஆனால் ஸ்கர்டு போயிற்று. 1949-ல் ஏற்பட்ட போர்நிறுத்தக் கோடு பால்டிஸ்தானத்தை மேற்கே பிரித்துவிட்டது. அதே வருஷத்தில் ஸிங்கியாங் கம்யூனிஸ்டுகள் வசமாக, யார்க்கண்டு வழி மூடிற்று. 1951-க்குள் திபேத்திலும் சீனச் சேனை புகுந்தது. சில வருஷ காலத்துக்குள் மத்திய ஆசியாவின் நாற்சந்தி முட்டுச்சந்தாயிற்று. நூற்றாண்டுகளாக மூன்று திசையிலிருந்தும் வாழ்வு பெற்ற நாடு, அதன்பின் தெற்கேயிருந்து வருஷத்தில் பாதி நாள் பனி மூடும் பாதைகளையே நம்பி வாழ நேர்ந்தது.

1957-ல் சீனா ஸிங்கியாங்கிலிருந்து திபேத்துக்கு ஒரு ரஸ்தாவை முடித்தது. அந்த ரஸ்தா அக்ஸாய் சின் வழியாகச் சென்றது. நமது நிலத்தில் அன்னியர் ரஸ்தா போட்டு முடித்த பிறகே தேசம் விழித்துக்கொண்டது. புல்லும் முளைக்காத இடம் என்று பார்லிமெண்டிலேயே அதைப்பற்றிச் சொல்லப்பட்டது. பீடபூமியின் மதிப்பைப் புல்லைக்கொண்டு அளக்கக் கூடாது. அது இரு பெரும் பிரதேசங்களை இணைக்கும் மேடை என்பதைச் சீனா அறிந்திருந்தது. 1959 அக்டோபர் 21-ந் தேதி கோங்கா கணவாயருகே நமது போலீஸார் பதின்மர் சுடப்பட்டு இறந்தார்கள். அந்நாளையே இன்றும் தேசமெங்கும் போலீஸார் நினைவு தினமாக அனுஷ்டிக்கிறார்கள். 1962 நவம்பர் 18-ந் தேதி ரேஸாங் கணவாயில் மேஜர் ஷைத்தான் ஸிங்கும் குமாவோன் ரெஜிமெண்டைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட சிப்பாய்களும் கடைசித் தோட்டா வரையில் நின்று போரிட்டு மடிந்தார்கள். 14,000 சதுர மைலுக்கு மேற்பட்ட அக்ஸாய் சின் சீனாவின் கையில் தங்கிவிட்டது. 1963-ல் பாகிஸ்தான் ஷக்ஸ்காம் பள்ளத்தாக்கையும் சீனாவுக்குக் கொடுத்தது.

அதன் பிறகு லடாக் ஒரு பெரிய பாசறையாயிற்று. 1984 முதல் ஸியாசின் பனியாற்றின்மேல் நமது சிப்பாய்கள் காவலிருக்கிறார்கள். 1999-ல் கார்கில் சிகரங்களில் அன்னியர் புகுந்ததை முதலில் கண்டு சொன்னவர்கள் ஆடுமாடு தேடிச் சென்ற உள்ளூர் மனிதர்கள். அந்த யுத்தத்தில் லடாக் ஸ்கௌட்ஸ் காட்டிய வீரம் அப்படையைத் தனி ரெஜிமெண்டாக உயர்த்திற்று. 2020 ஜூன் 15-ந் தேதி இரவு கல்வான் பள்ளத்தாக்கில் சீனருடன் நடந்த கைகலப்பில் நமது வீரர் இருபதின்மர் மாண்டார்கள். அவர்களில் நமது ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த ஹவில்தார் ஒருவரும் உண்டு. லடாக்கின் விஷயம் தென்னாட்டுக்கு அன்னியமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 2024 அக்டோபரில் தெப்சாங், தெம்சோக் பகுதிகளில் ரோந்து சுற்றுவது பற்றி இரு சர்க்கார்களும் உடன்பட்டன. ஆயினும் 2020-க்குப் பின் இரு சேனைகளுக்கும் நடுவே விடப்பட்ட இடைவெளிகளால் தங்கள் மேய்ச்சல் நிலங்கள் எட்டாமற் போயினவென்று சாங்பா இடையர்கள் முறையிட்டிருக்கிறார்கள். ஒரு தேசத்துக்கு ஒரு நிலத்தின்மேல் உள்ள உரிமைக்கு, அங்கே ஆடு மேய்க்கும் பிரஜையைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. அவன் பின்வாங்கினால் எல்லையும் அவனோடு பின்வாங்குகிறது.

இனி ராஜாங்க அமைப்பைக் கவனிப்போம். 2011-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி லடாக்கின் ஜனத்தொகை 2,74,289. லே ஜில்லாவில் பௌத்தர்களும் கார்கில் ஜில்லாவில் முஸ்லிம்களும் மிகுதி. இரண்டு ஜில்லாக்களின் ஜனத்தொகையும் ஏறக்குறைய சமம். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் பழங்குடிகள். ஸ்ரீநகர் ஆட்சியில் தங்களுக்கு நீதி கிடைக்கவில்லையென்று லே ஜனங்கள் வெகுகாலம் குறை கூறினார்கள். கிளர்ச்சியின் பலனாக 1995-ல் லேக்கும், பின்னர் 2003-ல் கார்கிலுக்கும் மலைநாட்டுச் சுயாட்சிக் கவுன்சில்கள் கிடைத்தன. 2019 அக்டோபர் 31-ந் தேதி லடாக் தனி யூனியன் பிரதேசமாக்கப்பட்டபோது லேயில் விளக்கேற்றாத குறைதான்; கார்கிலிலோ எதிர்ப்பு எழுந்தது. ஆனால் புதிய பிரதேசத்துக்குச் சட்டசபை வைக்கப்படவில்லை. முன்பு காஷ்மீரச் சட்டசபையில் லடாக்குக்கு நான்கு ஸ்தானங்கள் இருந்தன. அவை போய், டில்லியில் ஒரே லோக்சபை மெம்பரும் உள்ளூரில் கவுன்சில்களும் மிஞ்சின. நிலத்தையும் உத்தியோகத்தையும் காத்துவந்த பழைய சட்டங்களும் போயின. தூரத்து ஸ்ரீநகரிலிருந்து விடுபட்டவர்கள், அதனினும் தூரத்து டில்லியின் உத்தியோகஸ்தர் கையில் அகப்பட்டதாக உணர்ந்தார்கள்.

இந்த ஏமாற்றம் ஒரு நன்மையைச் செய்தது. மதத்தாலும் ராஜீய அபிப்பிராயத்தாலும் பிரிந்துநின்ற லேயும் கார்கிலும் 2021 முதல் ஒன்றுகூடி நான்கு கோரிக்கைகளை எழுப்பின. மாகாண அந்தஸ்து, அரசியல் சட்டத்தின் 6-வது அட்டவணைப் பாதுகாப்பு, தனி ஸர்வீஸ் கமிஷன், இரண்டு லோக்சபை ஸ்தானங்கள் என்பன அவை. 6-வது அட்டவணை அஸ்ஸாம், மேகாலயா, திரிபுரா, மிஸோராம் பகுதிகளின் மலைஜாதியாருக்கு நிலம், காடு, வழக்கங்கள் முதலியவற்றில் தாமே சட்டமியற்றும் கவுன்சில்களை அளிப்பது. சோனம் வாங்சுக் 2024 மார்ச்சில் 21 நாள் உண்ணாவிரதமிருந்தார். அவ்வருஷமே டில்லிக்குப் பாத யாத்திரையும் நடந்தது. 2025 ஜூன் மாதத்தில் சர்க்கார் உள்ளூராருக்கு நூற்றுக்கு 85 வரை உத்தியோக ஒதுக்கீடும், கவுன்சில்களில் பெண்களுக்கு மூன்றிலொரு பங்கும், போடி, பூர்கி பாஷைகளுக்கு அங்கீகாரமும் அளித்தார்கள். இவை மெய்யான நன்மைகள், மறுப்பது நேர்மையாகாது. ஆனால் உத்தரவினால் வந்த நன்மையை மற்றோர் உத்தரவினால் எடுத்துவிடலாம். சட்டத்தினால் வந்த அதிகாரத்தை அவ்வளவு சுலபமாக எடுக்க முடியாது. லடாக் கேட்டது இரண்டாவதை.

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபங்கள் இரண்டு. மூன்று லட்சம் ஜனங்களுக்கு ஒரு மாகாணமா என்பது ஒன்று. 1975-ல் ஸிக்கிம் மாகாணமானபோது அதன் ஜனத்தொகை சுமார் இரண்டு லட்சந்தான். அதுவும் சீன எல்லையிலிருப்பது. எல்லைப்புறத்தில் உள்ளூராருக்கு அதிகாரம் கொடுப்பது அபாயம் என்பது மற்றொன்று. 1987-ல் அருணாசலம் மாகாணமாயிற்று. அதனால் தேசம் பலவீனமடையவில்லை. சுயாட்சிக்குத் தகுதியில்லை, காலம் வரவில்லை, ஜனத்தொகை போதாது என்னும் வாதங்களை நாம் முதல்முறையாகக் கேட்கவில்லை. அன்னிய சர்க்கார் நமக்குச் சொன்ன சமாதானங்களை நம்முடைய சர்க்கார் நமது ஜனங்களுக்குச் சொல்லலாகாது. மாகாண அந்தஸ்தை உடனே கொடுப்பதில் வரவுசெலவு முதலிய கஷ்டங்கள் உண்டென்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். 6-வது அட்டவணைக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. 2019 செப்டம்பரில் பழங்குடியினர் தேசியக் கமிஷனே அதைச் சிபார்சு செய்தது. தன்னுடைய கமிஷனின் சிபார்சை நிராகரிப்பவர்கள் காரணத்தையாவது சொல்ல வேண்டாமா?

காலதாமதம் செய்யச் செய்ய விஷயம் கடினமாகும். சாங்தாங் சமவெளியில் பாங் பகுதியிலிருந்து 13,000 மெகாவாட் மின்சாரத்தை வெளியே கொண்டுசெல்லும் திட்டத்துக்கு 2023-ல் மந்திரிசபை அனுமதியளித்தது. சூரியனிடமிருந்து மின்சாரம் எடுப்பது தேசத்துக்கு அவசியமே. ஆனால் அதற்கு வேண்டிய பரந்த நிலம் யாருடைய மேய்ச்சல், எவ்வளவு ஈடு, யார் சம்மதம் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லும் உரிமை பெற்ற ஸ்தாபனம் அங்கே வேண்டும். பனிக்கட்டிகள் குறைந்து வருகின்றன. வசந்தத்தில் நீர் கிடைப்பதற்காகச் செவாங் நோர்பெல் என்ற எஞ்சினீயர் செயற்கைப் பனித்தேக்கங்களை அமைத்தார். வாங்சுக் பனி ஸ்தூபங்களை எழுப்பினார். 2010 ஆகஸ்டில் லேயில் மேகம் வெடித்தாற்போல் பெய்த மழையில் இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். நான்கு அங்குல மழைக்கு வகுத்த வாழ்வு அது. கூடினாலும் குறைந்தாலும் உயிர்ச்சேதந்தான். 2022-ல் மாத்திரம் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட யாத்திரிகர் அங்கே சென்றார்கள். குடியிருப்போரைவிட வந்துபோவோர் அதிகமாகிவிட்ட தேசத்தில் நீருக்கும் நிலத்துக்கும் கட்டுப்பாடு விதிக்கவேண்டியவர் குடியிருப்போரே.

2025 செப்டம்பரில் உண்ணாவிரதமிருந்தவர்களில் இருவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட, மறுநாள் இளைஞர் கூட்டம் கட்டுமீறிக் கட்டிடங்களுக்குத் தீ வைத்தது. அதை நாம் கண்டிக்கிறோம். கொளுத்திய கட்டிடத்தின் புகையில் நியாயமான கோரிக்கையும் மறைந்துபோகும் என்பதை அவ்விளைஞர்கள் அறிய வேண்டும். அதற்குப் பதிலாகத் துப்பாக்கி பேசிற்று. இறந்தவருள் ஒருவர் தேசத்துக்காகப் போர்புரிந்த முன்னாள் சிப்பாய். இரண்டு நாளைக்குப் பின் வாங்சுக் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் காவலில் வைக்கப்பட்டு ஜோத்பூர் சிறைக்கு அனுப்பப்பட்டார். விசாரணையின்றிச் சிறை வைக்கும் முறையை 1919-ல் ரௌலட் சட்டம் என்ற பெயரில் எதிர்த்தெழுந்த தேசம் இது. அம்முறையை எல்லைப்புறத்து அஹிம்ஸைவாதியின்மேல் பிரயோகிப்பது சர்க்காருக்குப் பலத்தைக் கொடுக்காது.

எல்லையைக் காப்பவை மூன்று: மலை, சேனை, ஜனங்கள். மலையை இயற்கை கொடுத்தது. சேனையை நாம் பணம் செலவிட்டு அனுப்புகிறோம். ஜனங்களின் அன்பு மாத்திரம் விலைக்கு வாங்கக்கூடியதல்ல. நீதியினால் சம்பாதிக்க வேண்டியது. 1948-ல் விமானத் தளம் அமைக்க மண் சுமந்தவர்களும், 1999-ல் அன்னியரைக் கண்டு சொன்னவர்களும் யாருடைய கட்டளைக்காகவும் காத்திருக்கவில்லை. 1684-ல் லடாக் தன் பாதுகாப்புக்காகத் தன் களஞ்சியத்தை விலையாகக் கொடுத்தது. சுதந்தர பாரதத்தில் ஒரு ஜனசமூகம் பாதுகாப்புக்காகத் தன் வாக்கை விலையாகக் கொடுக்க நேரிடலாகாது. 6-வது அட்டவணைப் பாதுகாப்பைத் தயக்கமின்றி அளித்து, மாகாண அந்தஸ்துக்கு ஒரு காலவரையறை கூறுவதே ராஜதந்திரமும் தர்மமும் ஆகும். அதைச் செய்யும்படி டில்லி சர்க்காரை வற்புறுத்தும் பொறுப்பு லடாக் ஜனங்களுடையது மட்டுமல்ல; அவர்கள் காவலில் நிம்மதியாகத் தூங்கும் நம் எல்லோருடையதும் ஆகும்.